நரம்பின் கதை – 17: வலி சொன்ன சேதி

1934 அக்டோபரில் நரம்பியல் அறிஞர் காஹால் மாட்ரிட்டில் கண்ணை மூடியபோது, அவர் எழுப்பிய கேள்விகளில் ஒன்று விடை கிடைக்காமலே நின்றிருந்தது. வளரும் நரம்பிழையின் நுனியில் கூம்பு போன்ற ஒரு முனை இருப்பதையும், அது திசுக்களுக்கு நடுவே துழாவித் துழாவி முன்னேறுவதையும் அவர் 1890இலேயே கோழிக்கருவின் தண்டுவடத்தில் கண்டு சொல்லிவிட்டார். சென்ற இதழில் அந்தக் கதையைப் பார்த்தோம். அந்த முனைக்கு வழி காட்டுவது எது? போய்ச் சேரவேண்டிய இடத்திலிருந்து ஏதோ ஒரு வேதிப்பொருள் கசிந்து அதை அழைக்கிறது என்பது காஹாலின் ஊகம். சான்று கேட்டால் அவரிடம் இல்லை. ஆகவே ஊகம் புத்தகத்திலேயே தங்கிவிட்டது.

அதே 1934இல், சிகாகோவில், விக்டர் ஹாம்பர்கர் என்ற ஜெர்மானியர் ஒரு கட்டுரையை வெளியிட்டார். ஃப்ரைபர்கில் ஹான்ஸ் ஸ்பெமானிடம் கருவியல் கற்றவர். ஓராண்டு உதவித்தொகையில் 1932இல் அமெரிக்கா வந்தார். மறு ஆண்டே ஹிட்லர் ஆட்சிக்கு வர, யூதரான அவருக்கு ஃப்ரைபர்கில் வேலை இல்லை என்று ஆயிற்று. அமெரிக்காவிலேயே தங்கிவிட்டார். முட்டை ஓட்டில் சிறு சாளரம் வெட்டி, கோழிக்கருவின் ஒரு பக்கச் சிறகு மொட்டை அகற்றிவிட்டு, முட்டையை மூடி வளரவிட்டுப் பார்ப்பது அவர் செய்த சோதனை. சில நாள் கழித்துத் திறந்தால், சிறகு இல்லாத பக்கத்தில் தண்டுவடத்தின் இயக்க நரம்பணுக்களும், அருகிலுள்ள உணர்வு நரம்பு முடிச்சுகளும் வெகுவாகக் குறைந்திருந்தன. சிறகிலிருந்து ஏதோ ஒரு தூண்டல் வந்துதான் இளம் அணுக்கள் நரம்பணுக்களாகின்றன. சிறகு இல்லாததால் தூண்டல் இல்லை, தூண்டல் இல்லாததால் நரம்பணுக்கள் உருவாகவே இல்லை. ஹாம்பர்கர் இப்படி விளக்கினார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது.

அந்தக் கட்டுரையை 1940 கோடையில் இத்தாலியில் ஒரு பெண், ரயிலில், கால்நடை ஏற்றும் பெட்டியில் உட்கார்ந்து படித்தார். நல்ல பெட்டிகளெல்லாம் படைவீரர்களுக்குப் போய்விட்டிருந்த காலம்.

ரீட்டா லெவி-மொண்டால்சினி 1909 ஏப்ரல் 22 அன்று டூரின் நகரில் பிறந்தவர். தந்தை ஆதாமோ லெவி பொறியாளர். பெண்கள் பட்டப்படிப்பும் தொழிலும் என்று போனால் குடும்பம் நடத்த முடியாது என்பது அவர் கட்சி. வீட்டில் வளர்த்த தாதி ஜோவான்னா புற்றுநோயில் இறந்தது மகளை உலுக்கியது. மருத்துவம்தான் படிப்பேன் என்று பிடிவாதம் பிடித்து, தந்தையை இணங்கவைத்து, 1936இல் பட்டம் பெற்றார். அவருடைய ஆசிரியர் ஜுசெப்பே லெவியைப் பற்றித் தனியாகவே ஒரு இதழ் எழுதலாம். உரத்த குரல், முன்கோபம், பாசிசத்தின் மேல் வெளிப்படையான வெறுப்பு. அவரிடம் திசுவியல் கற்ற மாணவர்களில் மூன்று பேர் பின்னாளில் நோபல் பரிசு பெற்றார்கள்: சால்வதோர் லூரியா, ரெனாத்தோ துல்பெக்கோ, ரீட்டா.

1938இல் முசோலினியின் இனச் சட்டங்கள் வந்தன. யூதர்களுக்குப் பல்கலைக்கழகத்தில் இடமில்லை. ஆசிரியர், மாணவி இருவருமே வெளியேற்றப்பட்டார்கள். ரீட்டா கொஞ்ச காலம் பிரஸ்ஸல்ஸில் விருந்தினராக வேலை செய்தார். ஜெர்மானியப் படை பெல்ஜியத்துக்குள் நுழையுமுன் ஊர் திரும்பிவிட்டார். இனி என்ன செய்வது? தன் படுக்கையறையையே ஆய்வகமாக மாற்றினார். தையல் ஊசிகளைத் தீட்டிக் கத்தியாக்கிக்கொண்டார். கண் மருத்துவரின் கத்தரிக்கோல், கடிகாரம் பழுதுபார்ப்பவரின் இடுக்கி, ஒரு நுண்ணோக்கி, கை நுழைக்க இரண்டு ஓட்டைகள் வைத்த கண்ணாடி அடைகாப்புப் பெட்டி. நரம்பணுக்களுக்குச் சாயமேற்ற வெள்ளி உப்பு முறை. காஹால் வழி வந்தது. பெல்ஜியத்திலிருந்து தப்பி வந்த ஜுசெப்பே லெவியும் இந்த அறைக்கு வந்து சேர்ந்தார். உருவத்தில் பெரியவர், நடமாட இடமோ குறுகியது. மாணவியின் வீட்டில், மாணவியின் உதவியாளராக ஆசிரியர் வேலை செய்தார்.

டூரின் மீது குண்டுமழை கடுமையானதும், குடும்பம் பீட்மான்ட் மலைப்பக்கம் ஒரு சிறு வீட்டுக்குக் குடிபெயர்ந்தது. ஆய்வகமும் கூடவே சென்றது. முட்டை கிடைப்பது அரிதாகிவிட்டது. ரீட்டா பண்ணை பண்ணையாகச் சைக்கிளில் போய், குழந்தைகளுக்குச் சத்தான முட்டை வேண்டும் என்று கேட்டு வாங்கினார். கரு வளர்ந்த முட்டைதானே சோதனைக்கு ஆகும்? கருவை எடுத்தபிறகு மிஞ்சியதை வீட்டில் சமைத்துச் சாப்பிட்டார்கள். போர்க்காலத்தில் எதையும் வீணாக்க முடியாது.

ஹாம்பர்கரின் சோதனையை அப்படியே திரும்பச் செய்தவர், ஒன்றை மட்டும் மாற்றினார். ஹாம்பர்கர் முடிவைப் பார்த்தார். ரீட்டா நடுவில் நடப்பதைப் பார்த்தார். சில மணி நேரத்துக்கு ஒரு கரு என்று எடுத்து, சீவி, சாயமேற்றி, வரிசையாக அடுக்கிப் பார்த்தபோது வேறு கதை தெரிந்தது. சிறகு இல்லாத பக்கத்திலும் நரம்பணுக்கள் பிறக்கின்றன. குறையில்லாமல் பிறக்கின்றன. இழையை நீட்டுகின்றன. பிறகு, போய்ச் சேர இடமில்லாமல், சாகின்றன. உருவாகாமல் போனது வேறு, உருவாகிச் செத்தது வேறு. இறந்த அணுக்களின் சிதைவை நுண்ணோக்கியில் காணும் எவரும் அதைக் கழிவு என்று தள்ளிவிட்டு உயிருள்ளதை எண்ணப் போவார்கள். ரீட்டா அந்தக் கழிவை எண்ணினார். இந்தத் தேடலின் வரலாறு முழுக்க இதே மாதிரிதான் திரும்பத் திரும்ப நடக்கிறது. வேண்டாதது என்று ஓரம் தள்ளியதுதான் ஒவ்வொரு முறையும் அடுத்த கதவைத் திறந்திருக்கிறது. சில முறை தள்ளியவர் ரீட்டாவேதான் என்பதையும் பார்க்கப் போகிறோம்.

யூதர்களின் கட்டுரையை இத்தாலிய இதழ்கள் ஏற்காது. ஆகவே ஆசிரியரும் மாணவியும் எழுதியது 1942இல் பெல்ஜியத்தின் லியேஜ் நகரிலிருந்து வந்த இதழில் பிரெஞ்சு மொழியில் வெளியாயிற்று. 1943 செப்டம்பரில் ஜெர்மானியர் இத்தாலியைப் பிடித்தபிறகு ஆய்வு நின்றது. குடும்பம் ஃப்ளாரன்சில் பொய்ப் பெயரில் ஒளிந்து வாழ்ந்தது. நகரம் விடுபட்டதும் ரீட்டா அகதி முகாமில் மருத்துவராக வேலை செய்தார். டைஃபஸ் கொள்ளை நோய், கண்ணெதிரே சாவு. அதற்குப்பின் மருத்துவத் தொழிலுக்கு அவர் திரும்பவில்லை.

அந்த பிரெஞ்சுக் கட்டுரை அட்லாண்டிக்கைக் கடந்து, செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகியிருந்த ஹாம்பர்கரின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. தன் விளக்கத்தை மறுத்தவரை அவர் என்ன செய்தார்? வாருங்கள், சேர்ந்து பார்த்துவிடுவோம் என்று அழைத்தார். விஞ்ஞான வரலாற்றில் இது அடிக்கடி நடப்பதில்லை. 1947 இலையுதிர் காலத்தில் ரீட்டா கப்பலேறினார். அதே கப்பலில் துல்பெக்கோவும் போனார். சில மாதங்களுக்கு என்று போனவர் முப்பது ஆண்டுகள் அங்கே இருந்தார்.

இருவரும் சேர்ந்து 1949இல் வெளியிட்ட கட்டுரையில் ரீட்டாவின் விளக்கமே சரி என்று முடிவாயிற்று. இன்னும் ஒன்றும் வெளிப்பட்டது. எதையும் வெட்டாத, நலமான கோழிக்கருவிலும் நரம்பணுக்கள் திரளாகச் சாகின்றன. உடல் தேவைக்கு மேல் நரம்பணுக்களை உண்டாக்குகிறது. இலக்கைத் தொட்டு அங்கிருந்து எதையோ பெற்றவை பிழைக்கின்றன, பெறாதவை மடிகின்றன. அந்த ‘எதையோ’ என்ன என்பதே மிச்சமிருந்த கேள்வி.

விடை எலியின் புற்றுக்கட்டியிலிருந்து வந்தது. ஹாம்பர்கரின் பழைய மாணவர் எல்மர் ப்யூக்கர் 1948இல் ஒரு விநோதமான சோதனையைச் செய்திருந்தார். வேகமாக வளரும் திசு ஒன்றைக் கருவுக்குக் கொடுத்தால் நரம்புகள் என்ன செய்யும் என்று பார்க்க, சர்கோமா 180 என்ற எலிக் கட்டியைக் கோழிக்கருவில் ஒட்டினார். உணர்வு நரம்புகள் அதற்குள் பாய்ந்தன. கட்டி நரம்புக்கு வசதியான இடம் போலும் என்று எழுதிவிட்டு அவர் வேறு வேலைக்குப் போனார். ரீட்டா அதைத் திரும்பச் செய்தார். உணர்வு நரம்புகள் மட்டுமல்ல, பரிவு நரம்பு முடிச்சுகளும் பன்மடங்கு பருத்திருந்தன. இழைகள் கட்டிக்குள் மட்டுமல்ல, கட்டி தொடாத உள்ளுறுப்புகளுக்குள்ளும், இரத்தக்குழாய்களுக்குள்ளும்கூட வெள்ளமாய்ப் புகுந்திருந்தன. நலமான கருவில் நரம்பு ஒருநாளும் இரத்தக்குழாய்க்குள் நுழையாது. ஆகவே, கட்டி எதையோ இரத்தத்தில் கலக்கிறது. இதை உறுதிப்படுத்தக் கட்டியைக் கருவின் மேல் ஒட்டாமல், முட்டைக்குள் கருவைச் சூழ்ந்த சவ்வின் மேல் வைத்தார். இரண்டுக்கும் இடையே இரத்த ஓட்டம் தவிர வேறு தொடர்பு இல்லை. அப்போதும் அதே விளைவு. காஹாலின் வேதிப்பொருளுக்கு ஏறத்தாழ அறுபது ஆண்டு கழித்து ஒரு நிழல் தெரிந்தது.

நிழலைப் பிடிக்க முட்டை போதாது. ஒவ்வொரு சோதனைக்கும் பல நாள் காத்திருக்க வேண்டும். கண்ணாடித் தட்டில் திசு வளர்க்கும் கலை தெரிந்த ஹெர்தா மேயர் ரியோ டி ஜெனிரோவில் கார்லோஸ் ஷாகஸின் ஆய்வு நிறுவனத்தில் இருந்தார். ஒரு காலத்தில் டூரினில் ஜுசெப்பே லெவியிடம் வேலை பார்த்தவர், யூதர் என்பதால் நாடு விட்டவர். 1952இல் ரீட்டா, கட்டி வளர்த்த எலிகள் இரண்டைக் கூடவே எடுத்துக்கொண்டு விமானமேறினார். இன்றைய விமான நிலையத்தில் நினைத்துப் பார்க்க முடியாது. ரியோவில் கோழிக்கருவின் நரம்பு முடிச்சு ஒன்றைத் தட்டில் வைத்து, சற்றுத் தள்ளிக் கட்டித் துண்டை வைத்தார். 24 மணி நேரத்துக்குள் முடிச்சைச் சுற்றி நாற்புறமும் இழைகள் அடர்ந்து நீண்டு, ஒளிவட்டம் போல நின்றன. அதை மையில் வரைந்து வரைந்து ஹாம்பர்கருக்குக் கடிதம் போட்டார்.

ஆனால் அங்கே ஒரு சங்கடம். ஒப்பிட்டுப் பார்க்க, கட்டி இல்லாத எலித் திசுவையும் வைத்தார். அதுவும் ஒளிவட்டத்தை உண்டாக்கியது. மங்கலாகத்தான், ஆனால் உண்டாக்கியது. கட்டிக்கு மட்டுமே உரிய ஆற்றல் என்று நம்பியவருக்கு இது கசந்தது. எலித் திசுவின் ஏதோ ஒரு பொதுக்குணம் என்று சொல்லி ஒதுக்கிவிட்டார். ஆறேழு ஆண்டு கழித்து அதுதான் திறவுகோல் என்று தெரிந்தது.

1953இல் செயின்ட் லூயிஸ் குழுவில் உயிர்வேதியியலர் ஸ்டான்லி கோஹன் சேர்ந்தார். புரூக்ளினில் தையற்காரரின் மகன். மண்புழுவின் வளர்சிதைமாற்றத்தை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றவர். அதற்காக மிச்சிகன் பல்கலைக்கழகப் புல்வெளியில் இரவு இரவாக ஆயிரக்கணக்கில் புழு பொறுக்கியவர். ரீட்டா நேர்த்தியாக உடுத்தி, ஊகத்தில் பறப்பவர். கோஹன் எப்போதும் வாயில் புகைக்குழாய், அடி அடியாகப் போகிறவர். புல்லாங்குழலும் வாசிப்பார். கட்டியிலிருந்து வீரியமுள்ள பகுதியைப் பிரித்தபோது அதில் புரதமும் இருந்தது, நியூக்ளிக் அமிலமும் இருந்தது. வேலையைச் செய்வது எது? நியூக்ளிக் அமிலத்தை அழித்துவிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். அதே பல்கலைக்கழகத்தில் இருந்த ஆர்தர் கோர்ன்பர்க் ஒரு வழி சொன்னார்: பாம்பு விஷத்தில் நியூக்ளிக் அமிலத்தைச் சிதைக்கும் நொதி உண்டு, அதைக் கொஞ்சம் சேர்த்துப் பாருங்கள்.

சேர்த்தார்கள். விளைவு குறைய வேண்டும், அல்லது அப்படியே நிற்க வேண்டும். அது எகிறியது. நொதியாகச் சேர்த்த விஷத்தை மட்டும் தனியாக வைத்தபோதும் ஒளிவட்டம் வந்தது, கட்டி கொடுத்ததைவிடப் பன்மடங்கு அடர்த்தியாக. துப்புரவுக்கு வந்த ஆள் வீட்டுக்குச் சொந்தக்காரராக நின்றார். கோஹன் அங்கேயே நிற்கவில்லை. விஷச் சுரப்பி என்பது பாம்பின் உமிழ்நீர்ச் சுரப்பிதானே, பாலூட்டியின் உமிழ்நீர்ச் சுரப்பியில் பார்த்தால் என்ன என்று யோசித்தார். ஆண் எலியின் தாடைக்கீழ்ச் சுரப்பியில் அந்தப் பொருள் கொட்டிக் கிடந்தது. ரியோவில் ரீட்டா ஒதுக்கிய எலித் திசுவின் ‘பொதுக்குணம்’ இப்போது புரிந்தது. நரம்பு வளர்ச்சிக் காரணி, சுருக்கமாக என்.ஜி.எஃப்., ஒரு புரதம் என்று உறுதியாயிற்று.

அடுத்து அந்தப் புரதத்துக்கு எதிர்ப்பொருள் தயாரித்து, பிறந்த எலிக்குட்டிகளுக்குச் செலுத்தினார்கள். குட்டிகள் வளர்ந்தன, ஓடின, பார்வைக்கு நலமாகவே இருந்தன. அறுத்துப் பார்த்தால் பரிவு நரம்பு முடிச்சுகள் ஏறக்குறைய அழிந்திருந்தன. இதுதான் உச்சமான சான்று. சேர்த்தால் வளர்கிறது என்பதை எவரும் விபத்து என்று தள்ளலாம். எடுத்தால் சாகிறது என்பதைத் தள்ள முடியாது.

இன்னொரு ஓரத்துச் செய்தியும் உண்டு. முழுதாகத் தூய்மை செய்யாத சுரப்பிச் சாற்றைச் செலுத்திய குட்டிகள் பிறந்து ஏழாம் நாளே கண் திறந்தன. இயல்பாக இரண்டு வாரம் ஆகும். பல்லும் முந்தி முளைத்தது. என்.ஜி.எஃப்.க்கும் கண்ணிமைக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. சாற்றில் வேறு ஏதோ கலந்திருக்கிறது. கலப்படம் என்று தள்ளாமல் கோஹன் அதைத் துரத்தினார். 1959இல் செயின்ட் லூயிஸில் அவருக்கு நிலையான இடமில்லை என்று ஆனபோது, அந்தக் கலப்படத்தையும் எடுத்துக்கொண்டு நாஷ்வில் நகரின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் போனார். அதுதான் மேல்தோல் வளர்ச்சிக் காரணி. இன்று நுரையீரல், குடல் புற்றுநோய்களுக்குத் தரும் மருந்துகளில் சில அதன் ஏற்பியைக் குறிவைப்பவை.

1986இல் மருத்துவ நோபல் ரீட்டாவுக்கும் கோஹனுக்கும் கிடைத்தது. பரிசு மூன்று பேர் வரை பகிரக்கூடியது. மூன்றாவது இடம் காலியாகவே இருந்தது. ஹாம்பர்கர் அப்போது உயிரோடு, தெளிவாக, 86 வயதில் ஆய்வு செய்துகொண்டிருந்தார். கேள்வியை முதலில் சோதனைக்குக் கொண்டுவந்தவர், ரீட்டாவை அழைத்தவர், ப்யூக்கரின் ஆசிரியர், கோஹனுக்கு வேலை கொடுத்தவர் அவர். புரதத்தைப் பிரித்ததில் அவர் கை இல்லை என்று வாதாடலாம்தான். என் பார்வையில் அது அநீதி. ரீட்டாவும் பிற்காலத்தில் எழுதியவற்றில் அவர் பங்குக்கு உரிய இடம் கொடுக்கவில்லை என்ற மனத்தாங்கல் ஹாம்பர்கருக்கு இருந்தது. இருவருக்குமிடையே பழைய நெருக்கம் திரும்பவில்லை. அமெரிக்க அரசு 1989இல் அவருக்குத் தேசிய அறிவியல் பதக்கம் கொடுத்தது. அவர் நூறாண்டு கடந்து 2001இல் மறைந்தார்.

புரதத்தின் உள் அமைப்பு விரைவிலேயே தெரிந்துவிட்டது. 118 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரே மாதிரியான இரண்டு சங்கிலிகள் இணைந்தது என்று 1971இல் கண்டார்கள். அதன் மரபணு நம் முதலாவது குரோமோசோமில் இருக்கிறது. நரம்பின் நுனியில் பற்றிக்கொள்ளும் இந்தப் புரதம், இழைக்குள்ளே ஏறி அணுவின் உடலுக்குப் பயணிக்கிறது என்பதை 1974இல் ஹான்ஸ் தோனனின் குழு காட்டியது. கதிரியக்க அயோடின் ஒட்டிய என்.ஜி.எஃப்.ஐ விலங்கின் கண்ணுக்குள் செலுத்த, அது சில மணி நேரத்தில் கழுத்திலுள்ள நரம்பு முடிச்சில் போய் நின்றது. அது பற்றும் ஏற்பிகளில் முக்கியமானது டிரக்-ஏ. முதலில் குடல் புற்று ஒன்றில் கெட்டுப்போன மரபணுவாகக் கண்டெடுக்கப்பட்டு, என்.ஜி.எஃப்.இன் ஏற்பி என்று 1991இல் தெரியவந்தது.

நரம்பணுவைச் சாகாமல் காக்கும் புரதம் கையில் இருக்கிறது. நரம்பணு சாகும் நோய்களோ ஏராளம். மருத்துவர்கள் சும்மா இருப்பார்களா? அல்சைமர் நோயில் மூளையின் அடித்தளத்திலுள்ள, அசிட்டைல்கோலின் சுரக்கும் நரம்பணுக்கள் மோசமாகச் சிதைகின்றன. அவற்றின் மேல் டிரக்-ஏ இருக்கிறது. எலியில் அவற்றின் இழையை வெட்டி, மூளைக்குள் என்.ஜி.எஃப். கொடுத்தால், சாகவேண்டியவை பிழைத்தன. நம்பிக்கை பிறக்க இது போதும். ஆனால் இந்தப் புரதம் பெரியது. இரத்தத்தில் செலுத்தினால் மூளையின் தடுப்பைத் தாண்டாது. ஸ்டாக்ஹோமில் லார்ஸ் ஓல்சன் குழுவினர் 69 வயது அல்சைமர் நோயாளி ஒருவரின் மூளை அறைக்குள் குழாய் வைத்து, எலியிலிருந்து எடுத்த என்.ஜி.எஃப்.ஐ மூன்று மாதம் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். 1992இல் முடிவு வெளியாயிற்று. பிறகு இன்னும் இருவர். நினைவாற்றலில் பெரிய மாற்றமில்லை. எடை குறைந்தது. முதுகு வலித்தது. வலி தாங்காமல் அளவைக் குறைக்க வேண்டியிருந்தது.

அதே காலத்தில் சர்க்கரை நோயாளிகளின் நரம்புச் சிதைவுக்கு ஜெனன்டெக் நிறுவனம் இதை ஊசியாகக் கொண்டுவரப் பார்த்தது. காலில் எரிச்சல், மரத்துப்போதல், ஆறாத புண் என்று இந்தச் சிதைவு படுத்தும் பாடு நம் வீடுகளில் பலருக்கும் தெரியும். 1019 நோயாளிகளிடம் நடந்த இறுதிக் கட்டச் சோதனையின் முடிவு 2000இல் வந்தது: பயனில்லை. ஊசி போட்ட இடத்தில் வலி என்று பலரும் முறையிட்டதால் அளவைக் கூட்டவும் முடியவில்லை. முன்னதாக 1994இலேயே நலமான தன்னார்வலர்களுக்கு ஒரே ஒரு ஊசி போட்டபோதும் உடம்பெல்லாம் நோவு, ஊசி போட்ட இடத்தில் தொட்டாலே வலி. பக்கவிளைவுப் பட்டியலில் ஒரு வரியாக அது பதிவாயிற்று.

எலி ஆய்வகங்களில் சிலர் மட்டும் அந்த வரியை உற்றுப் பார்த்தார்கள். கருவில் நரம்பை வளர்க்கும் இந்தப் புரதம், வளர்ந்த உடலில் வலி நரம்பின் கூர்மையை ஏற்றும் வேலையைச் செய்கிறது. எங்கே வீக்கமோ புண்ணோ, அங்கே என்.ஜி.எஃப். கூடுகிறது, வலி நரம்பு சிறு தொடுகைக்கே அலறுகிறது. ஆக, வலி பக்கவிளைவல்ல. அதுவே இந்தப் புரதத்தின் தொழில்.

மனிதர்களில் இதற்குச் சான்று ஒரு கொடிய அரிய நோயிலிருந்து வந்தது. பிறவியிலேயே வலி தெரியாத, வியர்வையும் சுரக்காத குழந்தைகள் உண்டு. பல் முளைத்ததும் நாக்கைக் கடித்துக் குதறிக்கொள்வார்கள். எலும்பு முறிந்தது தெரியாமல் நடப்பார்கள். வியர்க்காததால் சாதாரண வெயிலிலும் உடல் கொதித்து, சிலர் அதிலேயே இறந்துபோவார்கள். ஜப்பானின் குமமோட்டோ பல்கலைக்கழகத்தில் யசுஹிரோ இண்டோ 1996இல் காரணத்தைக் கண்டார்: டிரக்-ஏ ஏற்பியின் மரபணு கெட்டிருக்கிறது. வலி உணரும் நரம்பணுக்களும், வியர்வைச் சுரப்பியை இயக்கும் பரிவு நரம்பணுக்களும் கருவிலேயே மடிந்துவிடுகின்றன. எதிர்ப்பொருள் பெற்ற எலிக்குட்டிகளுக்கு நேர்ந்த கதிக்கு இது மிக நெருக்கம். 2004இல் வடக்கு ஸ்வீடனில் ஒரு குடும்பத்தில் என்.ஜி.எஃப். மரபணுவிலேயே பிறழ்வு கண்டார்கள். அறிவு குறையவில்லை, ஆழ்ந்த வலி மட்டும் தெரியவில்லை. வலிக்காத மூட்டுகள் இளம் வயதிலேயே நொறுங்கிப்போயிருந்தன.

கடைசி வரியை மருந்து நிறுவனங்கள் இன்னும் கவனமாகப் படித்திருக்கலாம். என்.ஜி.எஃப்.ஐக் கொடுத்தால் வலி என்றால், அதைத் தடுத்தால் வலி போகும் அல்லவா? அந்த எண்ணத்தில் பிறந்தது டானெசுமாப் என்ற எதிர்ப்பொருள். முழங்கால் தேய்மான வலிக்கு 2010இல் வந்த முடிவுகள் பிரமாதமாக இருந்தன. அதே ஆண்டில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சோதனையை நிறுத்தியது. மருந்து பெற்ற சிலருக்கு மூட்டு வேகமாக அழிந்து, செயற்கை மூட்டு வைக்கும் நிலை வந்திருந்தது. தடை நீங்கி, அளவைக் குறைத்து மறுபடி முயன்றார்கள். 2021 மார்ச்சில் ஆலோசனைக் குழு 19க்கு 1 என்ற கணக்கில் எதிராக வாக்களித்தது. அவ்வாண்டே ஃபைசரும் எலி லில்லியும் கைவிட்டன. அதே வழியில் செய்த வேறு எதிர்ப்பொருட்கள் இன்று மேல்நாடுகளில் நாய்க்கும் பூனைக்கும் மூட்டுவலி மருந்தாக விற்பனையில் உள்ளன.

அல்சைமர் பக்கமும் முயற்சி ஓயவில்லை. குழாய்க்குப் பதில் மரபணுவையே மூளைக்குள் வைத்துவிடலாம் என்று சான் டியாகோவில் மார்க் டுஷின்ஸ்கி 2001இல் தொடங்கினார். பிறகு 49 நோயாளிகளிடம் நடந்த சோதனை 2018இல் தோல்வி என்று அறிவிக்கப்பட்டது. இறந்தவர்களின் மூளையைப் பின்னர் ஆராய்ந்தபோது, செலுத்திய மரபணு குறிவைத்த நரம்பணுக்களைச் சென்றடையவே இல்லை என்று தெரிந்தது. மருந்து தோற்றதா, ஊசி இலக்கு தவறியதா? 2020இல் வந்த அந்த அறிக்கை இரண்டாவதைத்தான் சுட்டுகிறது. ஆகவே அந்தக் கணக்கு இன்னும் முடியவில்லை.

மனிதருக்கு மருந்தாக என்.ஜி.எஃப். கடைசியில் வந்து சேர்ந்தது யாரும் எதிர்பாராத இடத்தில். உடலில் வலி நரம்புகள் மிக நெருக்கமாக உள்ள இடங்களில் ஒன்று கருவிழி. அந்த நரம்பு செத்தால் கருவிழி உணர்விழந்து, புண்ணாகி, ஆறாமல் ஓட்டை விழும். ரீட்டாவின் நெடுநாள் சகா லூயிஜி ஆலோவேயும் இத்தாலியக் கண் மருத்துவர்களும் 1998இல் பத்து நோயாளிகளின் பன்னிரண்டு கண்களில் எலி என்.ஜி.எஃப்.ஐச் சொட்டு மருந்தாக விட்டார்கள். பன்னிரண்டும் ஆறின. இருபது ஆண்டு கழித்து, பாக்டீரியாவில் தயாரித்த மனித என்.ஜி.எஃப். கண் சொட்டு மருந்துக்கு 2017இல் ஐரோப்பாவும் 2018இல் அமெரிக்காவும் அனுமதி தந்தன. நாளுக்கு ஆறு முறை, எட்டு வாரம். ரீட்டா அதைப் பார்க்கவில்லை. இத்தாலியின் ஆயுட்கால செனட்டராக, 103 வயதில், 2012 டிசம்பர் 30 அன்று ரோமில் இறந்தார்.

அந்தச் சொட்டு மருந்தின் பக்கவிளைவுகளில் முதலாவதாகக் குறிப்பிடப்படுவது கண் வலி.

அடுத்த இதழில், ஒன்றரைக் கிலோ பன்றி மூளையை அரைத்து அதிலிருந்து ஒரே ஒரு மைக்ரோகிராம் புரதத்தை 1982இல் பிரித்தெடுத்த மூனிக் குழுவிடம் போவோம். அது என்.ஜி.எஃப்.இன் தம்பி, மூளைக்கு உரியது, நினைவோடு தொடர்புள்ளது.